கதிர் அழுகல்

முதலில் கண்டுபிடித்தது மூக்குத்தான்.
லங்னாவ் மலையடியில் நவம்பர்,
ஒன்பது நாளாய் மழை.
சாணி மணம் வேறு, நனைந்த வைக்கோல் மணம் வேறு.
இது இரண்டுக்கும் கீழே கிடந்தது,
வெள்ளிக்கிழமை மூடி மறந்த சோற்றுப் பெட்டியைத்
திங்கள் காலமை திறந்தது போல.

நெப்போமுக்கின் முன்னங்கால், இடது.
கேட்காமலே தருகிறவன்
அன்று அறுநூறு கிலோவையும் என் தோளில் சாய்த்து
மாட்டேன் என்றான்.

கொக்கியால் சேற்றை வழித்தேன்.
அடியில் அந்த முக்கோணம்.
நல்ல நாளில் அது பழைய ரப்பர் செருப்பு மாதிரி,
அழுத்தினால் அமுங்கி மீளும்.
அன்று அதன் ஓரங்கள் பிய்ந்து தொங்கின.
நடுப் பிளவில் கறுப்பாய் ஒரு பசை.
ஐந்து ராப்பன் காசை நட்டால் நிற்கும் ஆழம்.
பஞ்சுக் குச்சியை விட்டேன். பாதி போனது.
காலைப் பிடுங்கிக்கொண்டான்.

ஜெர்மன்காரர் இதை ஸ்ட்ரால்ஃபொய்லெ என்பர்.
ஃபொய்லெ அழுகல்.
ஸ்ட்ரால் என்றால் கதிர். அகராதி சொல்வது ஒளிக்கதிரை,
என் காதில் விழுந்தது நெற்கதிர்.
அறுப்புக்கு நாள் குறித்த பிறகு பெய்த மழையில்
நின்ற இடத்திலேயே கறுக்கும் கதிர்.
வெளிச்சம் அழுகுமா என்று தெரியாது.
நெல் அழுகும். குளம்பும்.

பேர்னிலிருந்து ரெகூலா ஓடி வந்தாள்,
நீதிமன்ற உடுப்பு, கையில் கரட்.
"மழைதானே காரணம்?" என்றாள்.
"ஓம்" என்றேன்.

மழை இல்லை.
முதுகு பிடித்திருக்கிறது என்று
மூன்று கிழமை நான் அடிவைக்கோலை அள்ளவில்லை.
மேலே மட்டும் புதிதாய்த் தூவினேன்.
எட்டிப் பார்ப்பவர்க்கு மஞ்சள், பொன்.
கீழே மூத்திரம் ஊறிய ஒரு சாண் கறுப்பு.
இரவு முழுக்க
அவன் என் சோம்பலின் மேல் நின்றான்.

லாடம் அடிக்கும் ஷ்டெட்லர்
முதலில் கத்தியை எடுக்கவில்லை. நடத்திக் காட்டச் சொன்னார்.
குதி ஊன்ற வேண்டியவன்
நுனியால் நிலத்தைத் தட்டித் தட்டி வந்தான்,
பிள்ளை தூங்கும் அறையைக் கடப்பவன் போல.
"குதி நோகுது."
தொங்கியதை மட்டும் சீவினார்.
"இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. திறந்து விடு.
ரத்தம் வருமட்டும் வெட்டுகிறவன் லாடக்காரன் இல்லை."
போகிற வழியில் சப்பாத்து நுனியால்
வைக்கோலை ஒருதரம் புரட்டினார்.
என்னைப் பார்த்தார்.
பில்லில் கடைசி வரி:
உலர்ந்த படுக்கை, இலவசம்.

அன்றிரவே நிலம் தெரியும்வரை அள்ளினேன்.
பதினேழு தள்ளுவண்டி.
முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எல்லா நாளும் ஒரே நாள்.
கொக்கி, தூரிகை, உப்புத்தண்ணீர்,
துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் போக்கல்.
ஷ்டெட்லர் தந்த நீலக் களிம்பு:
குப்பியில் நீளமாய் ஒரு இரசாயனப் பெயர்,
பார்த்ததும் தெரிந்தது, மயில்துத்தம்.
பஞ்சில் தடவிப் பிளவுக்குள் வைப்பேன்,
திணிக்காமல்.
மழை விட்ட நேரம் சரளைப் பாதையில் அரை மணி நடை;
நடந்தால்தான் குளம்புக்கு ரத்தம் ஓடும்.
ஒருநாள் தவறவிட்டேன், மறுநாளே மூக்கு காட்டிக் கொடுத்தது.

தை பிறந்து இரண்டாம் கிழமை
பஞ்சுக் குச்சி வெள்ளையாய்த் திரும்பி வந்தது.
பிளவில் என் பெருவிரல் படுத்தது,
ஆழமில்லாத, காய்ந்த பள்ளம்.
காலைக் கேட்கவில்லை, அவனே தந்தான்.
அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நெப்போமுக்கைக் காப்பாற்றியதற்கு என்று
ரெகூலா ஒரு பெரிய சொக்லேட் பெட்டி தந்தாள்,
நாடா கட்டி, என் பெயரைப் பிழையில்லாமல் எழுதி.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் கைபேசி அடித்தது.

பெட்டி இன்னும் பிரிக்காமல்
சேண அறையின் மேல்தட்டில் இருக்கிறது,
ஈரம் படாத இடத்தில்.