ஒட்டகச்சிவிங்கிக்குத் திரை

பான் நகரில் குண்டுக்குத் தப்பி நின்ற பெரிய கூடம்
விலங்குக் காட்சியகத்தில் இருந்தது.
புதிய சட்டம் எழுத வந்தவர்களை
முதல் நாள் அங்கேதான் உட்கார வைத்தார்கள்.
பஞ்சடைத்த கரடியை ஓரமாய்த் தள்ளியாயிற்று.
ஒட்டகச்சிவிங்கி அசையவில்லை.
காவலாளி லாம்பெர்ட்ஸ் அதற்குத் திரை கட்டினார்,
துணி போதவில்லை.
வரவேற்புரை முழுவதையும்
மேலிருந்து இரண்டு கண்ணாடிக் கண்கள் கேட்டன.

நான் சுருக்கெழுத்துக்காரி, ஒட்டிலீ ப்ரெண்டல்.
பேச்சு என் காதில் நுழைந்து விரல் வழியே போய்விடும்,
நடுவில் எங்கும் தங்காது.
அதற்குத்தான் சம்பளம்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் தங்கிவிட்டது.

ஆற்றங்கரைக் கட்டடத்துக்கு மாறியிருந்தோம்.
ஒருவர் எழுந்து கேட்டார்:
நாட்டின் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுத்தால் என்ன?
யாரும் வாய் திறக்கவில்லை.
ரைனில் ஒரு கரிப்படகு ஊதிக்கொண்டே போயிற்று.
மௌனத்துக்கு எங்கள் எழுத்தில் குறி கிடையாது.
பென்சிலைச் சீவினேன்.

மக்கள் என்றால் யாரென்று எனக்குத் தெரியும்.
முப்பத்திரண்டு, மார்ச், ஞாயிறு.
தங்கை க்ரேட்டெயிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் கையுறையோடு
கோப்லென்ஸ் பள்ளிக்கூட வரிசையில் நின்றேன்.
சீட்டில் ஐந்து பெயர்கள்.
கிழட்டுத் தளபதிக்குப் போட்டேன்,
பிடித்ததனால் இல்லை,
மற்றவன் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று.
பத்தே மாதம்.
வாசலுக்குக் காவல் வைத்த ஆளே
சாவியை எடுத்து நீட்டினார்.
பிறகு நாற்பத்தெட்டாம் பிரிவு, ஒரு கையெழுத்து,
மறுநாள் காலை
பேச்சு போயிற்று, கூட்டம் போயிற்று,
ஒட்டிய உறைக்குள் கிடந்த கடிதமும் போயிற்று.

மோசெல் பக்கத்து வக்கீல் ஒருவர்தான் மௌனத்தை உடைத்தார்.
நேராக வென்றவன், என்றார்,
கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதில்லை,
கோடிப் பேரைப் பார்க்கிறான்.
மன்றத்தைப் பார்த்து, நீங்கள் யார், என்று கேட்கிறான்.
கேட்டானே!

கடைசி வரிசையிலிருந்து இன்னொரு குரல்,
தள்ளாடும் குரல், முகாமில் பல்லை இழந்தவர்:
மக்களை நம்பாத சட்டத்தை
எந்த மக்களுக்காக எழுதுகிறோம்?
அதையும் எழுதிக்கொண்டேன்.
பதில் வருமென்று ஒரு வரி இடம் விட்டேன்.
அடுத்தவர் நிலக்கரிப் பங்கீட்டைப் பற்றிப் பேசினார்.

முடிவு இதுதான்:
மன்றத்தார் பாதி, மாநிலங்கள் அனுப்புவோர் பாதி,
கூடுவார்கள், விவாதமின்றி வாக்களிப்பார்கள், கலைவார்கள்.
தலைவருக்கு மாலையுண்டு, பேனாவுண்டு,
பழைய கத்தி மட்டும் இல்லை.
ஏழு படி தட்டச்சு செய்தேன்.
ஏழாவதில் எழுத்து மங்கலாக விழுந்தது.

ரொட்டி வரிசையில் ஃப்ராவ் ட்சில்கென்ஸ் முழங்கையால் இடித்தாள்:
அப்போ நமக்கு ஓட்டுக் கிடையாதா?
உண்டு, மன்றத்துக்கு, என்றேன்.
தலைவருக்கு?
சூடு கண்ட பூனை, என்று தொடங்கினேன்.
அடுப்பை மூட்டினது பூனையா, என்றாள்.
வரிசை நகர்ந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்தது நிம்மதி,
கூர்கத்தியைப் பிள்ளை கையிலிருந்து
யாரோ மெல்ல வாங்கிக்கொண்டாற்போல.
அந்தப் பிள்ளைக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

அன்று கையுறையைத் திருப்பிக் கொடுத்தபோது
பெருவிரலில் வாக்குச்சாவடிப் பென்சில் கறை.
க்ரேட்டெ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.