அரைப்பேர்

ஆலையின் ஆண்டு விருந்துக் குலுக்கலில்
இவருக்கு விழுந்தது இருநூறு வெள்ளிக் கூப்பன்.
ரைஸ் குக்கர் விழுந்திருக்கலாம் என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

லாபிஸைத் தாண்டி
செம்பனை லாரிகள் திரும்பும் முனையில்
முன்பு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கட்டடம்.
இப்போது கண்ணாடிக் கதவு.
'புதிய அமெரிக்கச் சமையல்' என்று
கிட்டப் போனால்தான் தெரிகிற எழுத்து.
சிங்கப்பூர்க் கார்கள் வரிசையாக நின்றன.
நாங்கள் மோட்டாரை
ஜெனரேட்டருக்குப் பின்னால் நிறுத்தினோம்.

உள்ளே வெளிச்சம் கொஞ்சம்தான்.
லைட் பில் கட்டலையோ என்றார்.
சிரிப்பை மறைக்க
துணியை மடியில் விரித்துக்கொண்டேன்.
ஒரே ஓர் அட்டை:
பதினான்கு மணி நேரம் புகையில் கிடந்த மாடு,
மோரில் ஊறிய கோழி,
கரியில் சுட்ட முட்டைக்கோஸ், நாற்பத்தெட்டு வெள்ளி.
"முட்டைக்கோஸா?"
இவர் குரல் பக்கத்து மேசைவரை போய்
உட்கார்ந்துவிட்டுத் திரும்பியது.

"காஸ் போட்டதா, சும்மா தண்ணியா?"

தமிழ். அதுவும் எங்கள் தோட்டத்துத் தமிழ்,
மண்டோர் திட்டத் திட்டப் படிகிற தமிழ்.
நிமிர்ந்தேன்.
கறுப்பு ஏப்ரன். கையில் கண்ணாடிச் சாடி.
"நல்லாருக்கீங்களா, கிராணியம்மா?"

ஐந்தாம் பிளாக்கில் பழம் வெட்டியவன்.
டாக்காவுக்கும் அப்பால் ஏதோ ஊர்.
முழுப்பேர் செக்ரோல் கட்டத்தில் அடங்காது.
கடைசியில் வேறு மொண்டோல் என்று இருந்தது,
மண்டோர் என்று படித்துவிடுவார்கள் என
வெட்டிவிட்டு 'தவ்' என்று எழுதினேன்.
மூன்று வருஷம் அவன் தவ்.
இப்போது சட்டையில் பித்தளைத் தகடு:
தௌஹிதுல் இஸ்லாம் மொண்டோல்.
அவ்வளவும் அடங்கியிருந்தது.

"மாடு வேணாம், தெரியும். கோழி எடுங்க.
ராத்திரி பூரா மோருல கெடந்தது.
கோஸும் எடுங்க, நான் சொல்றேன்ல."
இவருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.
"இங்கே எப்படிப்பா, முழுப்பேரா?"
"இங்க மணிக்கணக்கு அண்ணே."
இருவரும் சிரித்தார்கள்.
நான் சோள ரொட்டியைப் பிய்த்தேன்,
பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் பத்தரைக்கே மழை.
மண்டோர் ஆளைக் கலைத்துவிட்டதாகக் குறித்திருந்தார்.
எல்லாருக்கும் அரைப்பேர் போட்டேன்.
சாயங்காலம் இவன் ஜன்னலுக்கு வந்தான்,
தலையில் தண்ணீர் சொட்ட.
மழையிலும் வெட்டினேன், குலை எண்ணிப் பாருங்க என்றான்.
புத்தகத்தில் இல்லையே என்று சொல்லி
ஜன்னலைச் சாத்தினேன்.
அன்றைக்கு எனக்குத் தலைவலி. அவ்வளவுதான் காரணம்.

கோஸ் வந்தது.
மேலே கரி, நடுவில்
வெண்ணெய் இறங்கி, நம்ப முடியாத இனிப்பு.
நாற்பத்தெட்டு வெள்ளி தகும் என்று சொல்ல மாட்டேன்,
தகாது என்றும் சொல்ல வாய் வரவில்லை.

கூப்பன் போக முப்பத்தொன்று நாற்பது.
இவர் கட்டினார்.
அதன் பக்கத்தில் நான் தனியாக வைத்தேன்:
பத்தொன்பது வெள்ளி, இருபத்தைந்து காசு.
"ஒண்ணு இருபதா வை, இல்லை வைக்காதே.
சில்லறையை எல்லாம் இங்கேயா கொட்டுறது?"
அந்த வருஷத்து அரைநாள் கூலி அது
என்று இவருக்கு எப்படிச் சொல்ல.

ஜெனரேட்டர் இரைச்சலில்
இவர் மோட்டாரை உதைத்துக்கொண்டிருந்தபோது
பின்கதவு திறந்தது.
மிச்ச ரொட்டியைத் தாளில் சுற்றி எடுத்து வந்தான்.
மடியில் வைத்தான்.
கொஞ்சம் குனிந்து,
கோபமில்லாமல், கணக்கைத் திருத்துகிறவன் போல்,
"அன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும் வெட்டினேன்மா" என்றான்.

"என்ன சொல்றான்?" என்று கத்தினார் இவர்.
வண்டி கிளம்பிவிட்டது.
ரொட்டி சுட்டது, சேலைக்குள்ளும்.