பின்னறையில் ஓடும் தறிகள்

நகரியிலிருந்து பதினோரு கிலோமீட்டர்.
கொசஸ்தலை ஆறு வளைந்து திரும்பும் இடத்தில்
ஓடைமேட்டுக்குப்பம்.
கணக்கெடுக்க எனக்கு மூன்று நாள்,
கையில் ஒரு டேப்லெட், தினப்படி நானூறு,
கேள்விகள் நாற்பத்திரண்டு.

வெள்ளம், புயல், இடி, வறட்சி
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.
வரும் வாய்ப்பு எவ்வளவு, வந்தால் போவது எவ்வளவு,
இரண்டையும் பெருக்கினால்
ஆண்டுக்கு எதிர்பார்க்கும் இழப்பு.
பயிற்சியில் சொன்னார்கள்.
குளிரூட்டிய அறையில் கேட்கும்போது
சரியாகத்தான் இருந்தது.

"நூறு வருசத்துக்கு ஒருமுறை வர்ற வெள்ளம்"
என்று நான் படித்ததும்
பொன்னுரங்கம் விரல் மடக்கினார்.
பெரிய பெண் வயதுக்கு வந்த வருசம் ஒன்று,
அவள் பேறுகாலத்துக்கு வந்திருந்தபோது ஒன்று,
போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் ஒன்று.
"அப்ப எனக்கு முந்நூறு வயசா?"
அவர் சிரிக்கவில்லை.
கட்டத்தில் 0.01 என்றே விட்டேன்.
அது முன்பே நிரப்பி வந்த எண்.

தேசம்மாள் வீட்டில்
"தறி எத்தனை?"
"ரெண்டு."
சுவருக்குப் பின்னால்
மூன்றாவதும் நான்காவதும்
கடகடவென்று மறுத்தன.
அவள் எழுந்து போய்
மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள்.
திடீரென்று விழுந்த அமைதியில்
எங்கே பார்ப்பதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
2 என்று தட்டினேன்.

வெள்ளை ரேஷன் அட்டை, அதுதான் பயம்.
எழுதிக்கொண்டு போக வருகிறவள்
எடுத்துக்கொண்டு போக வருகிறவள்.
ஆகவே ஃப்ரிட்ஜ் அண்ணன் வீட்டுடையது,
வண்டி மைத்துனன் பெயரில்,
எருமை கிழடு, கறவை நின்று வருசமாகிறது,
மாந்தோப்பு எப்போதோ விற்றாயிற்று.
அதன் காய்கள்
மூலையில் சாக்குக்கு அடியில்
பழுத்து மணத்துக்கொண்டிருந்தன.
ஊரே ஒன்றுமில்லாமல் எதிரில் உட்கார்ந்திருக்க
இல்லை, இல்லை, இல்லை என்று
விரல் வலிக்கத் தட்டிக்கொண்டே போனேன்.

மனிதர்களுக்கும் ஒரு கட்டம் உண்டு.
உயிரிழப்பு, ஆண்டுக்கு: 0.06.
"அதுன்னா?" என்றான் செங்கல்ராயன்.
சித்திரையில் கடலைக்காட்டில்
அவன் தம்பிமேல் இடி விழுந்திருந்தது.
"பதினாறு பதினேழு வருசத்துக்கு
ஒருத்தர்னு அர்த்தம்."
"மெதுவா பேசுங்க" என்றான்,
"அம்மா உள்ள இருக்கு."

தை மாதம் அறிக்கை வந்தது.
ஊரின் இழப்பு ஆண்டுக்கு ஒன்பது லட்சத்துச் சொச்சம்.
கரையை உயர்த்த மூன்றே முக்கால் கோடி.
கட்டுப்படியாகாது.
ஆற்றோடு நாலு கிலோமீட்டர் இறங்கி
கரை
பீங்கான் தொழிற்சாலைக்குப் போயிற்று.
அவர்கள் எதையும் மறைக்கவில்லை,
ஆணி வரைக்கும் பில் வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்லத்தான் மறுபடி போனேன்
என்று எழுத ஆசை.
உண்மையில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது.

தேசம்மாள் டீ கொடுத்தாள்.
இந்த முறை தறிகளை நிறுத்தவில்லை.
நான்கும் ஓட
நாங்கள் கத்திப் பேசினோம்.
"நாலுன்னு மாத்திக்கயேன்" என்றாள்.
முடியாதுக்கா, பூட்டிட்டாங்க என்றேன்.
காதில் விழவில்லை போல,
சரி சரி என்று தலையாட்டினாள்.

அறுந்த இழையை முடிய அவள் உள்ளே குனிந்தபோது
மின்விசிறிக் காற்றில்
சுவர்க் காலண்டர் ஒரு பக்கம் தூக்கியது.
அடியில்
என் தோள் உயரத்துக்குச் சேற்றுக்கோடு,
இரண்டு கை சுண்ணாம்பையும் மீறி.
கோட்டுக்கு ஒரு சாண் மேலே
சுவர் நெடுக இரும்புக் கொக்கிகள்,
தண்ணீர் வரும் ராத்திரி
மோட்டாரைக் கழற்றி மாட்டி வைக்க.
முதல் நாளே எண்ணியிருக்கலாம்.
நான்கு.