விருத்தம்

கோட்டாற்றுக் கல்லூரியில் முதல் வாரம்
பலகையில் எழுதினார்கள்: விருத்த ஆகாரம்.
விருத்தம் என்றால் பாட்டு என்று
நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.
பாட்டில்லையாம், பகையாம்.
தனித்தனியே நல்லவை இரண்டு
ஒரே வயிற்றில் இறங்கி
ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்வது.

பதினோரு மாதம் படித்தேன்.
மிச்சப் படிப்பை
அப்பாவின் கடன் படித்து முடித்தது.

இப்போது குதைபியாவில் அறை,
ஜுஃபைரில் ஓட்டம்.
முதுகுக்குப் பின்னால் சிவப்புப் பெட்டி.
ரசீதை வாசிக்காமல் கொடுக்கத் தெரியவில்லை எனக்கு.

பொரித்த சாஃபி மீன் ஒன்று,
வாழைப்பழ மில்க் ஷேக் ஒன்று.
மீன் சூடு. பால் குளிர்ச்சி.
சேர்ந்தால் இரத்தம் கெடும், நாளங்கள் அடைபடும்,
தோலில் தடிப்பு வரும்
என்று ஓடிக்கொண்டே இருக்கிறது தலைக்கவசத்துக்குள்.
பன்னிரண்டாம் மாடியில் மணியடிக்கிறேன்.
கதவு திறந்தால் வாயில் வருவது
'என்ஜாய் சார்' மட்டும்.

ஒன்பதாம் மாடி மேரிவெல், இரவுப் பணி நர்ஸ்.
வாரம் தவறாமல் மீன் வறுவல், கூடவே மில்க் டீ.
ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன்,
சிஸ்டர், இதுவும் அதுவும் ஆகாது என்று.
சிரித்தாள்.
எங்கள் தீவில் மூன்று தலைமுறையாக
இதையும் அதையும்தான் தின்கிறோம்,
செத்தவர்கள் எல்லோரும் கடலில் செத்தார்கள்.
இருநூறு ஃபில்ஸ் தந்தாள்.
பாடம் எடுத்து நான் வாங்கிய ஒரே சம்பளம்.

தேனைச் சுடவைத்தால் நஞ்சு.
ஆகஸ்டில் அதை யாரும் சுடவைக்க வேண்டியதில்லை.
அடுப்பு இங்கே தலைக்கு மேல் இருக்கிறது.
பேன்கேக்கோடு வந்த தேன் பொட்டலத்தை
என் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து
ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போனேன்.
செயலியில் இதற்குப் பொத்தான் கிடையாது.
நான்கு நிமிடத் தாமதத்துக்கு உண்டு.

வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்வி
இன்னும் சிக்னல்களில் என்னோடு நிற்கிறது.
பகை உணவு யாரையெல்லாம் தொடாது?
உடம்பை வருத்தி உழைப்பவனை,
நெய்ப்பசை ஏறிய உடலை,
வயிற்றுத்தீ கொழுந்துவிட்டு எரிபவனை,
இளையவனை, பலசாலியை.
ஐந்து சொன்னேன்.
இன்னும் இரண்டு உண்டே என்றார்கள்.
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று இரவு ஒன்றே முக்கால்.
நெய்மீன் பிரியாணி, தயிர்ப் பச்சடி, மாம்பழ ஷேக்,
ஏறும்போதே ரத்தானது.
அப்புறப்படுத்தவும் என்றது திரை.
கார் நிறுத்துமிடத்தில்
காவல்காரர் மொதாஹர் நாற்காலியை நகர்த்தி இடம் தந்தார்.
தலைக்கவசம் மடியில்.
இரவில் தயிர், தயிரோடு மீன்,
பசி நேரம் தாண்டி ஆறு மணி நேரம்:
ஒரே மூடியைத் திறந்ததில் மூன்று குற்றம்.
அவர் பாதி, நான் பாதி.
பாதியிலும் ஒரு பிடியை
டயருக்கடியில் கிடந்த பூனைக்கு வைத்தார்.

சில்ஹெட்டில் தயிரும் மீனும் சேர்ப்பீர்களா?
அங்கே சேர்க்க மாட்டோம் என்றார்,
இங்கே கிடைத்ததை.
பதினாறு வருடம். பழகிவிட்டது.

கை பாதியில் நின்றது.
பழகியது.
கொஞ்சம்.
அந்த இரண்டு.

நான்கு வருடம் தாமதமாக வந்து சேர்ந்த விடை.
டெலிவரி ஆனது என்று அழுத்த
எந்தத் திரையும் இல்லை.

ஷேக்கை மட்டும்
ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்போம் என்றேன்.
ஏன் என்றார்.
சும்மா என்றேன்.
கோப்பையில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது,
ஐஸ் ஒவ்வொன்றாகச் சரிந்தது.
பத்து நிமிடம்
பொறுத்தோம்.