பக்கம் தொண்ணூற்று நாலு

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் எங்கள் டோக்கன் அறுபத்தொன்று.
உள்ளே போயிருப்பது பதினெட்டு.
சிமெண்ட் பெஞ்சில் என் வலப்பக்கம் ரசல்,
மடியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு நாவல்.
ஆறு மாதமாகத் தமிழில் இழுத்துக்கொண்டிருக்கிறேன்,
தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் நிற்கிறது.

அங்கே ஒருவன் சந்தைக்குள் ஓடுகிறான்.
தபால் ஆபீஸ் எழுத்தன், நல்ல கையெழுத்துக்காரன்.
சட்டையைக் கழற்றிக் கிழங்கு விற்கிறவளிடம் கொடுத்து
'இதை அரசாங்கத்திடம் சேர்த்துவிடு' என்கிறான்.
சந்தைவரை வந்துவிட்டவன்
இனி வீடு திரும்பமாட்டான் என்பது அந்த ஊர் நம்பிக்கை.
கூட்டம் விலகி வழிவிடுகிறது.

சிவந்த மண், விடாத மழை,
கிழங்குக்கு மரச்சீனி என்றே எழுதினேன்.
அடிக்குறிப்பு வேண்டியிருக்கவில்லை.
அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது,
அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
பைத்தியம் என்றால் உடனே சினிமா வந்துவிடும்.
மனநோயாளி என்றால் இந்தக் கையிலிருக்கும் சீட்டு.
அருமனையில் எங்களுக்கு வட்டு.
'அவனுக்கு வட்டாக்கும்'
சாளைக்கு விலை பேசுவதற்கு நடுவே
கெட்ட எண்ணமில்லாமல்கூடச் சொல்வார்கள்.

போன மாதம் நாகர்கோவிலில் கருத்தரங்கு.
வெளியூர்ப் பேராசிரியர் திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்:
பித்தன் என்பவன் தேசம்.
கழற்றிய சட்டை, கிடைத்தும் கிடைக்காத விடுதலை.
வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன காப்பகம்
இன்னும் போகாத வெள்ளைக்காரன்.
சரிதான். நானும் குறிப்பெடுத்தேன்.
பேனா எடுத்த பைக்குள்
ரசலின் லித்தியம் அட்டை,
பத்தில் மூன்று மிச்சம்.

இவன் எந்த தேசம்?
ரப்பர் மரத்துச் சிரட்டைகளில் ஒன்று குறைகிறதென்று
பாதி ராத்திரியில் தோட்டத்துக்கு இறங்கிப் போனவன்.
பால் வெட்ட வந்த தாசையன்
தன் தலைவிளக்கை அவிழ்த்து இவன் நெற்றியில் கட்டி
கூடவே நடந்து எண்ணியிருக்கிறார்.
நானூற்றிப் பன்னிரண்டும் இருந்தது.
'செரி, இனி வீட்டுக்குப் போவோம்டே.'
அன்று அவர் வெட்டு பாதியில் நின்றது.
அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

எழுத்தனையும் முதலில் மந்திரவாதியிடம்தான் கொண்டுபோனார்கள்,
பிறகு ஒரு ஜெபவீடு, கடைசியில் ஆஸ்பத்திரி.
நாவலில் முப்பது பக்கம்.
எங்களுக்கு நாலு வருஷம்.
கணுக்காலில் சங்கிலி உரசிய இடத்தைப் பற்றி
எழுபதாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது.
அதற்கு மட்டும் நான் அகராதி பார்க்கவில்லை.

'வாசிச்சுக் காட்டு' என்றான் ரசல்.
வாசித்தேன்.
அவன் குப்பித் தண்ணீரைக் குடித்து முடித்து
மூடியைத் திருகத் திருக அது நழுவியது.

'இவன் ராத்திரி ஒறங்குவானா?'
எழுதல்லை.
'மருந்து உண்டா?'
ஊசி போடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.
'கை வெறைக்குமா?'
தெரியல்லை, ரசல்.
'சந்தை கூடாத நாளு
அவன் என்ன செய்வான் அக்கா?'

இருநூற்றிப் பத்துப் பக்கம்.
வானத்தோடு பேசுகிறான், கொடிக்கம்பத்தில் ஏறுகிறான்,
ஆற்றைப் பார்த்துத் தீர்க்கதரிசனம் சொல்கிறான்.
ஒரு செவ்வாய்க்கிழமை சும்மா இருந்து
நகம் வெட்டிக்கொண்டதாக
எங்கேயும் இல்லை.

பென்சிலைக் கேட்டு வாங்கினான்.
வரிகளுக்கு வெளியே, வெள்ளையாய் விட்ட இடத்தில்
எறும்பு நகர்வதுபோல எழுதினான்.
தொண்டை வறளும்.
அதன் கீழே, கொஞ்சம் சரிந்து:
மரச்சீனிக்காரி சட்டையை மடிச்சு வச்சிருப்பா.
போய் வாங்கணும்.

இருபத்திரண்டைக் கூப்பிடுகிறார்கள்.
சட்டை என்ன நிறமென்று நாவலில் இல்லை.
இவனிடம்தான் கேட்கவேண்டும்.