மூன்றுக்கு ஒன்று

வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில்
இருபத்தேழு வருஷம் ஏலம் கூறியவர்.
வாயைத் திறக்கச் சொன்னால்
முதலில் விலைதான் வரும்.
நாக்கின் வேரில், இடப்பக்கம்,
சுண்டைக்காய் அளவு என்று
நான் படிவத்தில் எழுதினேன்.
"சுண்டைக்காயா? அதையெல்லாம்
ஏலத்துக்கே எடுக்க மாட்டனுங்க"
என்றார் ஆறுச்சாமி.

கதிர்வீச்சா, இயந்திரமா என்பதை
டாக்டர் ஆன்ஸி குருவிளா தீர்மானிக்கவில்லை.
நானும் இல்லை.
ஒட்டி வைத்த உறை தீர்மானித்தது.
ஆய்வென்றால் அப்படித்தான்.
பிரித்துக் காட்டியதும்
"எனக்கு விழுந்திருச்சு" என்று
மனைவி பக்கம் திரும்பினார்.

முன்பெல்லாம் கீழுதட்டைப் பிளந்து
தாடையை அறுத்துத்தான் அங்கே போவார்கள்.
இப்போது வாசல் வழியாகவே.
கஞ்சிக்கோட்டில், அந்தக் குளிர்ந்த அறையில்,
டாக்டர் நோயாளியின் பக்கத்திலேயே இல்லை.
மூலையில், செருப்பைக் கழற்றிவிட்டு,
கண்ணாடிக் குழிக்குள் முகம் புதைத்திருந்தார்.
கை மூன்று நகர்ந்தால் உள்ளே ஒன்று.
விரல் நடுக்கத்தை இயந்திரம் தின்றுவிடும்.
தொடுவுணர்ச்சி மட்டும் வந்து சேராது;
தசை வெளுப்பதைப் பார்த்தே
எவ்வளவு இழுக்கிறோம் என்று
தெரிந்துகொள்ள வேண்டும்.
தலைமாட்டில் ஸீனத் சிஸ்டர்
புகையை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் மாதம்.
நூறு மில்லி தண்ணீர். பதினாறு மிடறு. ஒரு இருமல்.
கேள்வி பதினொன்று:
நீங்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி
ஆட்கள் கேட்கிறார்களா?
நெடுநேரம் யோசித்தார்.
"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்...
எந்தொழிலே அதுதானுங்களே அம்மிணி.
இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"
சிரித்தபோது மூக்கு வழியாகக் காற்றுப் போனது.
அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

ஆறாம் மாதம் வரவில்லை.
போனை எடுக்கவில்லை.
'தொடர்பில் இல்லை' என்று மூடுவதற்கு முன்
ஒரு எட்டு பார்த்துவிடலாமென்று
விடியற்கால பஸ்ஸில் போய் இறங்கினேன்.
கோயமுத்தூர் லாரி ஒருபக்கம்,
திரிச்சூர் லாரி ஒருபக்கம்,
நடுவில் சேறும் தக்காளியும்.

முதல் இரண்டு தரத்தையும் மருமகன் கத்துகிறான்.
மூன்றாவது மட்டும் இவர்.
குரல் என்று சொல்ல முடியாது.
ஈரத் தரையில் சாக்கை இழுப்பது போல் ஒன்று.
முன்னால் நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.
பின்வரிசை மட்டும்
"எந்தா? எந்தா?" என்கிறது.
கேள்வி பதினொன்றுக்கு: ஆம், அடிக்கடி.

நான்தான், ஆஸ்பத்திரியிலிருந்து, என்று
கூட்டத்துக்கு மேலே கையை உயர்த்தினேன்.
பார்த்தார்.
முகத்தில் ஒன்றும் மாறவில்லை.
"மூணு தரம்."

முருங்கைக்காய், மூன்று சிப்பம்.
தூக்கியது ஒரு கைதான்.
மருமகன் என் பெயரைக் கேட்டு
ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தான்.

பணத்தை எண்ணி வைத்த பிறகுதான்
படிவத்தை எடுக்க விட்டார்.
டீ வந்தது. மிடறுகளை எண்ணினேன்.
ஒன்பதில் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்;
எண்ணிக்கை போய்விட்டது.
இன்னொரு டீ சொன்னார்,
விரலை உயர்த்தி.