மிச்சத்துக்குக் குறியீடு இல்லை

பிஷ்கெக்கில் பனி சகதியாகிற மார்ச்.
ஐந்தாம் மாடி. லிஃப்ட் இல்லை.
என் பையில் அளவுக் கோப்பைகள், விரல் குத்தும் ஊசி,
நூற்றுப் பதினொரு கேள்விகள்.

"நேற்று விழித்ததிலிருந்து படுக்கும்வரை
என்னென்ன சாப்பிட்டீர்கள்?"

புருல் யோசிக்கவே இல்லை.
அவருக்கு இரண்டு முட்டை,
சின்னவனுக்குக் கஞ்சி, சர்க்கரை தூக்கலாக,
மாமியாருக்கு உப்பில்லாத நூடுல்ஸ் சூப்,
பெரியவள் ஆட்டிறைச்சி தொடமாட்டாள்,
அவளுக்கென்று தனியாக உருளைக்கிழங்கு.
கிராம் கணக்கில் சொன்னாள்.
கோப்பைகள் பையிலேயே கிடந்தன.

"நீங்கள்?"
"அதான் சொன்னேனே."
"நீங்கள் சாப்பிட்டது."

ஜன்னலைப் பார்த்தாள்.
பாத்திரம் கழுவும்போது ஏதோ.
சின்னவன் கடித்து வைத்த ரொட்டி விளிம்பு.
ரொட்டியைக் குப்பையில் போடலாமா,
கவிழ்த்துக்கூட வைக்கமாட்டோமே.
எத்தனை விளிம்பு என்றேன்.
எத்தனை பேர் வைத்தார்களோ அத்தனை.

தானியத்துக்கு ஒன்று, பாலுக்கு நான்கு, கீரைக்கு ஏழு.
மிச்சத்துக்குக் குறியீடு இல்லை.
ஒன்று என்று எழுதினேன்.
நின்றபடி என்பதை எங்கே எழுத?

ஏழு மணிக்கு ஓரகத்தி அசில்கான் வந்தாள்,
தலைமுடியில் நீல நூலோடு.
தையல் கூடத்தில் காலர் வைக்கிறவள்.
மதியம் ஒரு சம்சா, இடக்கையில்;
வலக்கை துணியை விடவில்லை.
தண்ணீர்?
"குடித்தால் எழுந்து போகணும்.
போய் வந்தால் ஐந்து காலர் போச்சு."

"சுடச்சுடச் சம்சா, கையில் சொந்தக் காசு"
என்றாள் புருல், அடுப்பிடம்.
"நாளெல்லாம் சட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறவள்"
என்றாள் அசில்கான், கோட்டைக் கழற்றாமல், என்னிடம்.
இரண்டையும் நான் எழுதவில்லை.

ஊசி. ஒரு சொட்டு.
கருவி கொஞ்சம் தயங்கி
ஒன்பது புள்ளி இரண்டு என்றது.
அடுத்த விரல், அடுத்த சொட்டு.
ஒன்பது புள்ளி இரண்டு.

"பழுதா?" என்றாள் புருல்.
சந்தேகம் எனக்கும்தான்.
என் விரலைக் குத்திப் பார்த்தேன்.

எட்டு புள்ளி ஏழு.

மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
அது யாருடைய வீட்டிலிருந்தோ
வழி தவறி வந்த குழந்தை மாதிரி.
"இன்றைக்கு நீ என்ன சாப்பிட்டாய்?" என்றாள் அசில்கான்.
என் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.
பஸ்ஸில் ஒரு பிஸ்கட். இல்லை, அது நேற்று.

புருல் முழு ரொட்டி ஒன்றை எடுத்தாள்.
விளிம்பில் அல்ல, நடுவில் பிய்த்தாள்.
அசில்கான் கோட்டைக் கழற்றி
உள்ளறையிலிருந்து முக்காலி கொண்டுவந்தாள்.
அது ஆடியது.
என் பையில் நாற்பது துண்டுப் பிரசுரங்கள்:
'சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், இரும்புச்சத்து சேராது.'
ஒன்றை நான்காய் மடித்துக் காலுக்கடியில் வைத்தேன்.
தேநீர் வந்தது, மரியாதைப்படி அரைக்கோப்பை.

உள்ளேயிருந்து மாமியார் குரல்.
இருவரும் பாதி எழுந்தார்கள்.
நானும் எழுந்தேன், எதற்கென்று தெரியாமல்.
பிறகு முதலில் யார் உட்கார்ந்தது
என்பது ஞாபகமில்லை.